கிரஷர் வாய்க்குள் மேனேஜர்

சுஃப்யான் இறந்து எட்டு மாதம் கழித்து, அவன் தம்பி ரிஃபத் மதுக்கரைக்கு அப்பால் இருந்த அதே கல்குவாரியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தான். அவன் யாருடைய தம்பி என்பது ஃபிட்டர் தமிழ்வேந்தன் ஒருவருக்குத்தான் தெரியும். மேனேஜர் நவநீத்துக்குத் தெரியாது.

கல் உடைக்கும் கிரஷரின் வாய்க்குள் இறங்கித் தகடு மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் சுஃப்யான் நசுங்கிப்போனான். வெளியே டிப்பர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, உள்ளே ஆள் இருக்கிறானா என்றுகூடப் பார்க்காமல் மெஷினை ஓட்டச் சொன்னவன் நவநீத். இறங்குகிறவன் மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நேரம் வீணாகிறதென்று பூட்டுகளையெல்லாம் பிடுங்கி மேசை டிராயரில் போட்டவனும் அவன்தான். விசாரணையில், 'பூட்டாமல் இறங்கியது தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொடுத்தான். தமிழ்வேந்தன் உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தினமும் காலையில் "வணக்கமுங்க சார்" என்று சொல்லும்போது ரிஃபத் நவநீத்தின் கழுத்தைத்தான் பார்ப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெரிய கல் சிக்கிக் கிரஷர் நின்றது.

"பூட்டு குடுங்க சார், எறங்கறோம்" என்றார் தமிழ்வேந்தன்.

"ஒரு கல்லைப் பொரட்டறதுக்கு எதுக்குய்யா பூட்டு?" என்று கத்திய நவநீத், கடப்பாரையோடு தானே ஏணியில் இறங்கினான்.

ரிஃபத் நின்ற பேனல் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் நவநீத்தின் தலை. ரிஃபத்தின் கை மெஷினை ஓட்டும் பச்சைப் பட்டனுக்குப் போனது. ஒரே அழுத்து. இதற்காகத்தானே வந்தான்? ஆனால் இதையும் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிடுவார்கள். அண்ணன் மேல் விழுந்த பழி அப்படியே இருக்கும். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்தான். தன் சொந்தப் பூட்டை மாட்டிச் சாவியைப் பையில் போட்டான். பிறகு ஒரு கையால் மைக்கை எடுத்து, மறு கையைப் பச்சைப் பட்டன்மேல் வைத்தான்.

"சார், நான் சுஃப்யான் தம்பிங்க."

நவநீத் நிமிர்ந்தான். பட்டன்மேல் இருந்த கையைப் பார்த்ததும் ஏணிக்குப் பாய்ந்தான். தமிழ்வேந்தன் அதை மேலே இழுத்துக்கொண்டார்.

"எங்கண்ணன் எப்படிச் செத்தாருன்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

"வேண்டாம் ரிஃபத்து... கண்ணு, வேண்டாம்!"

"பூட்டெல்லாம் யார்கிட்ட இருந்துச்சுங்க?"

நவநீத் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். தமிழ்வேந்தனின் போனில் அது வீடியோவாகப் பதிவானது. அதன்பிறகே ஏணி இறங்கியது. மெயினைப் பூட்டியிருந்ததை ரிஃபத் அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை.

மிரட்டி வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்றார் வக்கீல். ஆனால் தமிழ்வேந்தனும் இன்னும் இரண்டு பேரும் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். டிராயரில் பூட்டுகள் அப்படியே கிடந்தன. நவநீத் மேல் வழக்குப் பதிவானது. மிரட்டியதற்காக ரிஃபத் மேலும் வழக்கு விழுந்தது, அவன் வேலையும் போனது. குவாரியில் இப்போது ஆளுக்கொரு பூட்டு.

உக்கடத்து வீட்டில் அண்ணி ரம்லா அதுவரை அந்த வீடியோவைப் பார்க்க மறுத்திருந்தாள். நவநீத் மேல் வழக்குப் பதிவான அன்றைக்கு அவளே கேட்டாள்.

"பயந்தானா?"

"நடுநடுங்கிப்போட்டானுங்க, அண்ணி."

போனை வாங்கி, கண் கொட்டாமல் முழுதும் பார்த்தாள்.

"மறுபடி போடு" என்றாள்.