ஸ்டெபினின் வலது முழங்கை

டாக்டர் முழங்கையின் உள்பக்கம் கட்டைவிரலை வைத்ததுமே பையன் முகம் சுண்டிப்போனது. ஏசுராஜ் பார்வையைத் திருப்பிக்கொண்டான். பெற்றவன் செய்கிற வேலையா அது?

பதின்மூன்று வயது ஸ்டெபின் பேஸ்பாலில் பிட்சர், பந்தை எறிகிறவன். அமெரிக்காவில் அவர்கள் இருக்கும் சுகர் லேண்டில் அவன் டீம் ஜெயிப்பதே அவன் கையால்தான். அந்தக் கையை மூன்று நாளாக நீட்ட முடியவில்லை. பல் தேய்க்கவும் இடது கை.

கோச் கறாரான ஆள். சனிக்கிழமை எழுபத்தைந்து பந்து, அதற்குமேல் ஒன்றுகூட விடமாட்டான். பிறகு நாலு நாள் கைக்கு ஓய்வு. ஏசுராஜுக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கையே கிடையாது. ஞாயிறு பூசை முடிந்ததும் பையனை அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு தமிழ் ஆட்களின் கிரிக்கெட் மைதானத்துக்குப் போய்விடுவான். அங்கே எல்லாம் தொப்பை விழுந்த கம்ப்யூட்டர்காரன்கள். வேகமாகப் போட ஒருத்தன் கிடையாது.

"யோவ் ஏசு, ஒம் பையன் போட்டா ஸ்டம்பு பறக்குதுய்யா!" என்பான் கேப்டன் சேனாபதி. அப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

மனைவி ஜெயலீலா கேட்கத்தான் செய்தாள். "கோச் எறியக் கூடாதுன்னு சொல்லியிருக்காரேங்க?"

"எறியறதைத்தானேடி சொன்னான்? இது பவுலிங். கையே மடங்காது. ரெண்டும் ஒண்ணா?"

பவுண்டரியிலிருந்து பையன் எறிந்த எறியெல்லாம் அப்பன் கண்ணிலேயே படவில்லை.

இப்போது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "வளர்கிற எலும்பு லேசாக விலகின மாதிரி இருக்கிறது. ஓய்வு நாளில் எறிந்தாயா?"

"நோ, சார்," என்றான் ஸ்டெபின். அப்பன் பக்கம் திரும்பவேயில்லை.

"அப்படியானால் பயமில்லை. இரண்டு வாரம் கழித்து மெதுவாகத் தொடங்கலாம்."

ஏசுராஜுக்கு மூச்சு வந்தது. ஸ்டெபின் சட்டையை எடுத்தான். வலது கையை உள்ளே நுழைக்க முடியாமல் உதட்டைக் கடித்தான். கண்ணில் நீர் முட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"உண்மையைச் சொல்லுடா," என்றான் ஏசுராஜ்.

"டாட், ப்ளீஸ். சீசன் போயிடும்."

ஏசுராஜ் எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷ் வாயில் வரவில்லை. "பையன் பொய் சொல்றான் டாக்டர். நாந்தான் போட வச்சேன். அந்தக் கையை எப்படியாவது காப்பாத்துங்க!" பிறகு தட்டுத்தடுமாறி, கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமை என்று விளங்கவைத்தான்.

டாக்டர் கையை விடுவித்துக்கொண்டார். குரல் மாறிவிட்டது. "எத்தனை ஞாயிறு?"

"நாலு... அஞ்சு இருக்கும்."

"லெவன்," என்றான் ஸ்டெபின்.

டாக்டர் அந்த எக்ஸ்ரேயை மறுபடியும் எடுத்தார்.