ஒரு நாள் முந்திய காது

வேம்படித்துறையில் யாரும் சொந்தக் காதால் கேட்பதில்லை. கரை நெடுக மணலுக்கடியில் போகும் கேபிளில் தெருவுக்கு ஒரு காது உண்டு. அது கேட்டால்தான் தெரு கேட்கும். எல்லாக் காதுகளின் கடிகாரமும் ஒன்றுபோல ஓட வேண்டும். இல்லையென்றால் புருஷனும் பெண்டாட்டியும் சமாதானமாகிச் சாப்பிட உட்கார்ந்த பிறகு காலைச் சண்டையின் வசவு வந்து சேரும்.

அதனால் சனிக்கிழமை காலையில் ஊரே வாயை மூடிக்கொள்ளும். இருமல் வந்தாலும் விழுங்கிவிடுவார்கள். பிரிஸ்கா கடற்கரையில் நின்று வெண்கலத் தட்டை ஒரே அடி அடிப்பாள். எந்தக் காது எப்போது கேட்டது என்று கேபிள் முனையிலிருக்கும் பெட்டியில் பார்த்து, பிந்தியதைத் தள்ளி, முந்தியதை இழுத்து வைப்பாள். அதுதான் அவள் உத்தியோகம்.

இந்த வாரம் முந்தியிருந்தது அவள் தெருக் காதேதான். வெள்ளிக்கிழமை அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டு மோட்சமக்கா வந்து ஏன் அழுகிறாய் என்று சைகையில் கேட்டாள். வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கத்தான் செய்தது. ஆனால் பிரிஸ்கா அழவில்லை. புருஷன் கஸ்பார் படகோடு புயலில் போனபோதும், அவனுக்குப் பூசை வைத்தபோதும் அவள் அழவில்லை.

தட்டை அடித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். அந்தக் காது அடியை நேற்றே கேட்டிருந்தது. இப்போது நாளையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"பிரிஸ்கா, கதவத் தொற." பெட்டியில் அந்தக் காது வழியே கஸ்பாரின் குரல்.

"ஒரு நாள் பின்னால இழுத்துருங்கம்மா," என்றார் கூட நின்ற கேபிள் இன்ஜினியர் கொழுந்து.

"இழுத்தா அந்தக் குரல் அழிஞ்சிருமே சார்."

"அழியும். எல்லாம் ஒண்ணா ஓடணும்லா?"

ஒன்றாக ஓட வேண்டும், அவ்வளவுதானே? பிரிஸ்கா தன் தெருக் காதைத் தொடவில்லை. மற்ற காதுகளையெல்லாம் ஒரு நாள் முன்னே தள்ளினாள். கொழுந்து சரிபார்த்துத் தலையாட்டினார்.

வீட்டுக்கு ஓடினாள். வாசலில் குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. குரல் உள்ளே வந்தது.

"என்ன பிள்ள அப்படிப் பாக்க? பசிக்கி, சோறு வை."

தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவன் வழக்கம்போல் சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். அடுக்களையில் நாளைய பிரிஸ்கா சிரிப்பது கேட்டது. அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! கேட்க அவளுக்கே ஆசையாக இருந்தது.

நேற்று மோட்சமக்கா கேட்டது இன்றைய அழுகை; அது மட்டும் அழப் பாக்கி இருந்தது. நாளைக்கு அது குறுக்கே வரக்கூடாதென்று, பிரிஸ்கா உட்கார்ந்து, சத்தம் நேற்றே போய்விட்டதால் சத்தமே இல்லாமல் அதை அழுது முடித்தாள். பிறகு எழுந்து நாளைக்கு அரிசி ஊறப்போட்டாள்.