எந்த அலைவரிசை என்று சொல்லாமல்

2008 ஜூலையில் வந்த அந்தக் கடிதத்தை ஷர்மிளா நான்கு முறை படித்தாள். "உங்கள் வயர்லெஸ் கருவிகள், லைசென்ஸ் பெற்று இயங்கும் எங்கள் லிங்க்குக்கு இடையூறு செய்கின்றன. உடனே நிறுத்தவும்." அனுப்பியது தாம்பரத்தில் இருந்த ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனம். அவர்களுடைய கட்டுப்பாட்டு அறைக்கும் குன்றத்தூர் டவருக்கும் நடுவே ஒரு ரேடியோ லிங்க் ஓடிக்கொண்டிருந்தது.

பம்மலில் வாடகைக்கு எடுத்த மொட்டைமாடியில் மூன்று ஆண்டெனா வைத்து, சுற்றியிருந்த எழுபது வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுத்துவந்தாள் ஷர்மிளா. லைசென்ஸ் தேவையில்லாத அலைவரிசைப் பட்டையில்தான் எல்லாம் ஓடின. ஆனாலும் லைசென்ஸ் வாங்கியவருக்கே முதல் உரிமை, இடைஞ்சல் என்றால் மற்றவர்தான் ஒதுங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதுவும் ஆம்புலன்ஸ். அன்றே தாம்பரத்துக்குப் போனாள்.

மேலாளர் தனசேகர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அதற்கு மேல் எதுவும் கொடுக்கவில்லை.

"நான் ஒதுங்கிக்கிறேன் சார். உங்க லிங்க் எந்த அலைவரிசைல ஓடுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"அதெல்லாம் வெளில சொல்ற விஷயம் இல்லம்மா. கான்ஃபிடென்ஷியல்."

"எங்க இருக்கீங்கன்னு தெரியாம எங்கேர்ந்து சார் ஒதுங்கறது?"

"எழுதிக் குடுங்க, பார்க்கலாம்."

எழுதிக் கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். "உடனே நிறுத்தவும்" என்ற அதே கடிதம் புதுத் தேதியோடு வந்தது. மூன்றாவது முறை, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை எல்லாவற்றையும் அணைத்து வைப்பதாகவும், அந்த நேரத்தில் லிங்க்கைப் பார்த்துச் சொல்லும்படியும் எழுதினாள். சொன்னபடியே அணைத்தாள். வீட்டிலிருந்தே அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பக்தவச்சலம் போனில் பிடித்துக்கொண்டு, இனி உங்கள் லைனே வேண்டாம் என்று வைத்துவிட்டார். பதினொன்றரைக்குத் தனசேகரைக் கூப்பிட்டாள்.

"இப்ப லிங்க் சரியா இருந்துதா சார்?"

"எங்க இன்ஜினியர் இன்னிக்கு லீவும்மா. பார்க்கறதுக்கு ஆள் இல்லை."

ஷர்மிளா போனை வைத்துவிட்டாள். பேசியிருந்தால் திட்டியிருப்பாள்.

அந்த இன்ஜினியரே வியாழக்கிழமை போன் செய்தார். சாம்பசிவன் என்று பெயர். லிங்க் விட்டு விட்டுப் போவதற்கு அங்கே தினமும் வாங்கிக் கட்டிக்கொள்பவர் அவர்தான்.

"மேடம், நான் குன்றத்தூர் டவராண்ட கீறேன். ஆபீஸுக்குத் தெரியாது. ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணுங்க, மீட்டரைப் பார்த்துகினு சொல்றேன்."

அவள் மொட்டைமாடிக்கு ஓடினாள். முதல் ஆண்டெனாவை அணைத்தாள்.

"அப்டியே கீது."

இரண்டாவது.

"ம்ஹூம்."

அனகாபுத்தூர் பக்கம் பார்த்திருந்த மூன்றாவதை அணைத்தாள்.

"இடைஞ்சல் நின்னுபோச்சு மேடம். இதான்."

ஷர்மிளாவுக்கு முகம் சூடானது. தன்மேல் தப்பிருக்காது என்ற நினைப்பு இத்தனை வாரமும் உள்ளுக்குள் இருந்திருக்கிறது. கருவியைத் திறந்து பார்த்தாள். சேனல் 'ஆட்டோ'வில் இருந்தது. நாடு என்ற இடத்தில் வேறு ஏதோ தேசம். அந்தத் தேசத்து விதிப்படி, இங்கே அனுமதி இல்லாத அலைவரிசைகளுக்கும் அது தானாகத் தாவிக்கொண்டிருந்தது. வாங்கிய அன்றே அவள் பார்த்திருக்க வேண்டும்.

சாம்பசிவன் தங்கள் லிங்க்கின் அலைவரிசை எண்ணைச் சொன்னார். "நான் சொன்னேன்னு எங்கியும் எழுதிறாதீங்க மேடம். வேலை பூடும்." நாட்டை மாற்றி, அந்த எண்ணுக்கு எட்டாத ஒரு சேனலில் கருவியை நிறுத்தினாள். பத்து நிமிட வேலை. அதற்கு எட்டு வாரம். அந்த எட்டு வாரத்தில் எத்தனை அழைப்புகள் பாதியில் அறுந்தன என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

பதினைந்து நாள் கழித்துத் தனசேகரிடமிருந்து கடிதம் வந்தது. இடையூறு நின்றிருப்பது கவனத்துக்கு வந்துள்ளது, எப்படி நின்றது என்று எழுத்துமூலம் விளக்கவும். கருவியில் தவறான அமைப்பு இருந்ததென்றும் திருத்திவிட்டதாகவும் எழுதினாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதற்கு, 'வழக்கமான பராமரிப்பின்போது' என்று எழுத வேண்டியதாயிற்று. அந்த இரண்டு சொற்களை எழுதும்போது பேனாவை உடைத்துவிடலாம் போலிருந்தது.

அந்த மாதக் கடைசியில் பொழிச்சலூரிலிருந்து எத்திராஜ் கூப்பிட்டார். அவரும் அவளைப் போல இன்டர்நெட் தருபவர்.

"அதே ஆம்புலன்ஸ்காரங்க எனக்கும் லெட்டர் போட்டுக்கீறாங்க. எந்த அலைவரிசைன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாங்க. உனக்கு எதுனா தெரியுமாம்மா?"

எண் அவள் நாக்கு நுனியில் இருந்தது.

"அண்ணா, உங்க பாக்ஸ்ல ஆட்டோன்னு எதெது இருக்குன்னு முதல்ல பாருங்க," என்றாள். "நாடு என்ன போட்டிருக்குன்னும் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."