சுயம்புலிங்கம் வீட்டு மிளகாய்

தியாகராய நகரில் எங்கள் தெருவில், சுயம்புலிங்கம் வீட்டு மொட்டை மாடியில் காய்க்கும் மிளகாயை யார் கடித்தாலும் சுயம்புலிங்கத்துக்குத்தான் உறைக்கும். கடித்தவர்களுக்குப் பச்சை வாசனையும் லேசான இனிப்பும் மட்டும் கிடைக்கும். காரம் முழுவதும், அந்த நேரத்தில் சுயம்புலிங்கம் எங்கே இருந்தாலும், அவர் நாக்கில் போய் இறங்கும். ஆரம்பத்தில் நாங்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொண்டோம். தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்ற பேச்சு வந்ததும் விட்டுவிட்டோம்.

சுயம்புலிங்கம் உடன்குடிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை மடிக்கும் வேலைக்கு வந்து, கல்யாணத்துக்குப் பிறகு உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சொந்தமாக ஜாக்கெட் துணிக் கடை போட்டார். எந்தச் சேலையைக் கொண்டுபோனாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுக்கில் கைவிட்டு, அதே நிறத் துணியை உருவி எடுப்பார் என்று பேர். அந்தப் பேரை அவரே பரப்பினார். கடை விளக்கில் பொருந்திய துணி வெளியே வெயிலில் வேறு நிறமாகத் தெரிவதை நாங்கள் யாரும் அவரிடம் சொன்னதில்லை, மறுபடியும் அங்கேதான் வாங்கினோம். மனைவி பங்கஜம் கல்லாவில் உட்காருவார். ஒரே மகள் கீர்த்தி, வேளச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள், அங்கே ஏ.சி. பழுது பார்க்க வந்த விக்கியைக் கல்யாணம் செய்துகொண்டாள். விக்கியின் குடும்பம் அடையாற்றின் கரையில் குடிசை போட்டிருந்து, வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பம். பதிவு அலுவலகத்தில் மகள் கையெழுத்துப் போட்ட அன்று சுயம்புலிங்கம் கடையில் உட்கார்ந்து மயில் நீலத்துக்கு இலைப் பச்சையைப் பொருத்திக் கொடுத்தார். வாங்கிய பெண் ஒன்றும் சொல்லாமல் எடுத்துப்போனார். அன்றிலிருந்து அவர் மகளின் பெயரை உச்சரிக்கவில்லை. நாங்களும் அவர் முன்னால் உச்சரிக்கவில்லை, அவர் இல்லாத இடத்தில் வேறெதையும் உச்சரிக்கவில்லை.

அதற்கு மறு வருடம் கொரோனா வந்து கடைகளை மூடியபோது எங்கள் தெருவே விவசாயி ஆனது. எல்லோரும் வீடியோ பார்த்தோம். தேங்காய் நார்க் கழிவும் மண்புழு உரமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. தக்காளி போட்டவர்களுக்கு இலை வந்தது, கத்தரி போட்டவர்களுக்குப் பூச்சி வந்தது, கொத்தமல்லி போட்டவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. சுயம்புலிங்கம் மட்டும் வீடியோ பார்க்காமல், சமையலறை டப்பாவிலிருந்த வற்றல் மிளகாயைக் கிள்ளி விதையை உதிர்த்துப் பழைய பெயின்ட் வாளியில் தூவினார். முதல் ஈட்டை மாவுப்பூச்சி தின்றது. இரண்டாவது ஈடு இலை சுருண்டு செத்தது. மூன்றாவதற்குப் புளித்த மோரும் வேப்பெண்ணெயும் தெளித்து, சித்திரை வெயிலில் பூ உதிராமல் இருக்கப் பழைய சேலையால் பந்தல் போட்டு, காலையில் ஒவ்வொரு பூவையும் விரலால் சுண்டிவிட்டார். வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரலில் செடியிடம் பேசினார். செடி காய்த்தது. அதுவரை கேலி செய்த நாங்கள் பாத்திரத்தோடு போய் நின்றோம். அள்ளி அள்ளிக் கொடுத்தார்.

கொடுத்த வாரமே அவர் வாயில் தீப்பிடித்தது. காலை இட்லி நேரத்தில் எரியும், மதியம் எரியும், மாலை நான்கு மணிக்கு மேல் தாங்க முடியாமல் எரியும். டாக்டர் வயிற்றுப் புண் என்றார். சுயம்புலிங்கம் தயிர் சாதத்தைத் தவிர வேறொன்றும் சாப்பிடாமல் இளைத்தார். மழை பெய்த ஒரு சாயங்காலம் மாடியில் எல்லோருமாக வாழைக்காய் பஜ்ஜி போட்டு, அவர் மிளகாயை அரைத்த சட்னியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அவர் ஒன்றும் சாப்பிடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒரு வாய் வைத்தால் அவர் ஒரு முறை எழுந்தார். கீழ்வீட்டு முத்துகிருஷ்ணன், வங்கியில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் சரிபார்க்காமல் நம்பாதவர், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்துநின்று ஒரு மிளகாயைக் கடித்தார். இந்தப் பக்கம் சுயம்புலிங்கம் விக்கினார். முத்துகிருஷ்ணன் இன்னொன்றைக் கடித்தார். சுயம்புலிங்கம் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்துக்கொண்டார்.

"பேஷ். சந்தேகமே இல்ல. உறைக்கறது ஓய் உமக்கு, ருசி எங்களுக்கு," என்றார் முத்துகிருஷ்ணன். "எங்காத்துல எனக்கு டாக்டர் காரத்தையே நிறுத்தச் சொல்லிட்டார். இது ஒண்ணுதான் ஒத்துக்கறது."

இங்கே எங்களைப் பற்றி உள்ளதைச் சொல்லியாக வேண்டும். நல்ல தெருவாக இருந்தால் அன்றோடு மிளகாயை விட்டிருக்கும். நாங்கள் கூட்டம் போட்டோம். அண்டை வீட்டாரின் நாக்கை மதித்து மிதமாகச் சாப்பிடுவது என்று ஏகமனதாக முடிவு செய்து, கலைந்து போய், முன்பைவிட அதிகமாகச் சாப்பிட்டோம். வயிற்றுப் புண்காரர்களும் மூலக்காரர்களும் அடுத்த தெருவிலிருந்து வந்தார்கள். எதிர்வீட்டு தனபாலன், சுயம்புலிங்கத்தின் ஸ்கூட்டர் தன் வாசலை மறித்து நின்றால், பேசாமல் பால்கனிக்கு வந்து ஒரு மிளகாயைக் காம்போடு மென்றுவிட்டு உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் நகர்ந்துவிடும். இது நாகரிகமில்லை என்று எல்லோரும் சொன்னோம். நம் வீட்டிலும் எதற்கும் ஒன்றிரண்டு இருக்கட்டும் என்று எடுத்தும் வைத்துக்கொண்டோம்.

சுயம்புலிங்கமும் கொடுப்பதை நிறுத்தவில்லை. வளர்த்த மிளகாயைப் பாத்திரத்தோடு வந்து கேட்கிறார்கள் என்பதில் அவருக்கு இருந்த பெருமை, நாக்கைவிடப் பெரியது. "ஊருக்கெல்லாம் நான்தான் வாயி," என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நாளடைவில் எந்த எரிச்சல் எந்த வீட்டுடையது என்று தெரிந்துவிட்டது. சாம்பாரில் வெந்தது மெதுவாக ஏறும். தாளித்தது சுரீரென்று வந்து உடனே அடங்கும். பச்சையாகக் கடித்தது காதுவரை போகும். ஆனால் மதிய வேளையில் வரும் ஒன்று மட்டும் எங்கள் தெருவில் யார் கணக்கிலும் சேரவில்லை. நுனியில் ஒரு சின்னக் கடி. சோறு விழுங்கும் அளவுக்கு ஓர் இடைவெளி. பிறகு காம்புவரை ஒரே கடி. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் தவறாமல் வந்தது. ஒரு மதியம், மெரூன் துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து மிளகாயை அப்படித் தின்கிறவள் ஒருத்திதான்.

பங்கஜம் வெள்ளிக்கிழமைதோறும் வடபழனி முருகனைப் பார்க்கப் போவது பக்தியால் மட்டும் இல்லை என்று அப்போது அவருக்குப் புரிந்தது. வடபழனி பேருந்து நிலையத்தில் மகள் வந்து நிற்பாள். பங்கஜம் மிளகாய்ப் பையைக் கொடுப்பார், ஓட்டலில் ஏதாவது சாப்பிடுவார்கள், அவரவர் பேருந்தில் ஏறிக்கொள்வார்கள். இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆளும் இப்போது தெரிந்துகொண்டு, தெரியாதவர் போல இருந்தார். செடிகளைப் பிடுங்கிப் போடச் சொல்லி டாக்டர் கண்டித்திருந்த அதே வாரத்தில் அவர் இன்னும் நாலு வாளி வாங்கிவந்தார். மதியம் கடையில் வாடிக்கையாளர் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஸ்டூலைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்து, நாக்கை நீட்டாத குறையாகக் காத்திருப்பார். இப்படி மூன்று வருடம் ஓடியது. மகளோடு பேசமாட்டேன் என்று சபதம் எடுத்த மனிதர், மகள் சாப்பிடுவதைக் கடிகாரம் போல வாயில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

பிறகு ஒரு கார்த்திகை மாதத்தில் அந்தக் கடி நின்றுபோனது. முதல் நாள் விரதம் என்று நினைத்தார். மறுநாள் காய்ச்சல் என்று நினைத்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தெற்கே முழங்காலுக்குத் தண்ணீர், மின்சாரம் இல்லை, போன்கள் செத்துக் கிடக்கின்றன என்று செய்தி வந்தது. மற்ற வீடுகளின் காரமெல்லாம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. மழை என்பதால் எல்லோரும் பஜ்ஜி போட்டோம். அவருக்கு அது எதுவும் காரமாகவே படவில்லை.

"ஏளா, அவ ஏன் சாப்பிட மாட்டேங்கா?" என்றார் பங்கஜத்திடம்.

பங்கஜம் திரும்பிப் பார்த்தார். "எவ?"

"நம்ம கீர்த்திதான்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருசமா எரியுது. தெரியாதாக்கும்."

பங்கஜம் போனை எடுத்து மறுபடியும் அடித்துப் பார்த்தார். பிறகு, போன் போகவில்லை என்று மட்டும் சொன்னார். சுயம்புலிங்கம் மாடிக்குப் போய் நனைந்துகொண்டே செடிகளில் இருந்ததையெல்லாம் பறித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. மீதியை ஒரு டிராக்டரிலும், அதற்கு மேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரிலும் போனார். பெரும்பாக்கத்தில் எல்லாக் கட்டடமும் ஒரே உயரம், ஒரே சாயம். நிறம் பார்த்துப் பிழைத்தவர் அந்த ஒரே நிறத்துக்கு நடுவில் வழி தெரியாமல் நின்றார். லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, விக்கி வீடு எது என்று கேட்டார். பையைப் பார்த்தவர்கள் காய் விற்க வந்தவர் என்று நினைத்தார்கள். மழையில் கடை கண்ணி எதுவும் இல்லாததால் ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டார்கள். அவரும் விலை சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா கொடுத்தபடி மாடி ஏறினார். எடுத்தவர்கள் அங்கங்கே கஞ்சிக்குக் கடித்துக்கொண்டார்கள். விக்கியின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவர் முகம் பழுத்துச் சிவந்து, இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்ட, விக்கலோடு நின்றார்.

கதவைத் திறந்தவர் விக்கியின் அம்மா ரத்னா. "யாரு சார் வோணும்? இன்னாத்துக்கு அழுவுறீங்க?"

"அழல," என்றார் சுயம்புலிங்கம். விக்கினார். "நான் மொளகா வீட்டுக்காரன்."

ரத்னா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அட, நம்ம சம்மந்தியா! உள்ள வாங்க நைனா, ஈரத்தோட நின்னுகினு கீறீங்களே. கீர்த்தி, இங்க பாரு, உங்க நைனா வந்துகீறாரு."

கீர்த்தி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். காய்ச்சலும் இல்லை, விரதமும் இல்லை, நன்றாகத்தான் இருந்தாள். போனில்தான் உயிர் இல்லை. அப்பாவைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நீ ஏன் மொளகா திங்கல?" என்றார் அவர்.

"அம்மா போன வெள்ளிக்கிழமைதான்ப்பா சொன்னா, நாங்க கடிக்கிறதெல்லாம் உங்களுக்குத்தான் எரியுதுன்னு. அப்புறம் எப்படிச் சாப்பிடுறது?"

"நிறுத்தப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

"நீங்கதான் என்கூடப் பேச மாட்டீங்களே."

விக்கி ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார், துவட்டி முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. ரத்னா தட்டுப் போட்டு, சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். பையில் அடியில் கிடந்த மிளகாய்களில் ஒன்றை எடுத்து சுயம்புலிங்கம் மகளின் தட்டில் வைத்தார். கீர்த்தி தயங்கினாள். நுனியைக் கடித்தாள். ஒரு வாய்ச் சோறு விழுங்கினாள். பிறகு காம்புவரை கடித்தாள். சுயம்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு, "ம்," என்றார். அன்று அந்த வீட்டில் அவர் விட்ட கண்ணீர் எல்லாம் காரத்தால் வந்தது என்று எங்களிடம் சொன்னார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். எங்கள் பங்குக்கும் அந்த மதியம் ஆளாளுக்குச் சட்னி அரைத்திருந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு மகளும் மருமகனும் வந்துபோக ஆரம்பித்தார்கள். ரத்னா விதை கேட்டு வாங்கிப்போய்த் தன் வீட்டு ஜன்னலில் வளர்த்தார். அந்தச் செடியில் காய்க்கும் மிளகாயின் காரம் ரத்னாவுக்குப் போகிறது. "எனக்கு இன்னா, ஓசியில காரம்," என்கிறார், வெறும் கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டு. கீர்த்தி ஒரு நாள் இதையும் ஒரு நாள் அதையும் கடிக்கிறாள், இருவருக்கும் மனக்குறை வராமல். நீங்கள் மதிய வேளையில் ஜாக்கெட் துணி எடுக்கப் போனால், கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்கு சிவக்க, கண்ணில் நீர் வடிய, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அவசரப்படுத்த வேண்டாம். கல்லாவிலிருந்து பங்கஜம் தலையை நிமிர்த்தாமல் சொல்வார்: "கொஞ்சம் இருங்க, மக சாப்பிடுதா."