பேசாப்படத்தில் முதலாளி சொன்னது

ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவுக்குப் பக்கத்திலிருந்த சலவை ஆலையில் அஜந்தா தொழிற்சங்கப் பிரதிநிதியாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மருத்துவமனைத் துணிகளை மடிப்பவர்களிடம் கொண்டுவரும் இயந்திரத்தின் வேகத்தை நிர்வாகம் கூட்டிவிட்டது. மடிக்கும் பகுதியில் பாதிப் பேர் தமிழர். எல்லோருக்கும் தோள் வலி. கூட்டம் வைத்தாலோ நாலு பேர்தான் வந்தார்கள். அதனால் படம் காட்டுவதென்று முடிவுசெய்தாள்.

நூறு வருடத்துக்கு முந்தைய பேசாப்படம் அது. கண்ணாடி அறையிலிருந்து முதலாளி சக்கரங்களை வேகமாக ஓட்டச் சொல்கிறான். கீழே இரும்பாலைத் தொழிலாளருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. ரோல்ஸும் தேநீரும் உண்டென்று சொல்லியிருந்ததால், சனிக்கிழமை பகல் அம்மருட் பகுதி மண்டபத்துக்கு முப்பது பேர் வந்தார்கள்.

திரையில் வந்த பழைய நோர்வேஜிய எழுத்துகளை வாசித்து முடிப்பதற்குள் அவை மறைந்துபோயின. இருபத்தொரு வருடமாகத் துணி மடிக்கும் யோகராசா, தமிழில் சொல்லும்படி கேட்டார். ஒஸ்லோவில் பிறந்தவள்தான் என்றாலும் அஜந்தாவுக்குத் தமிழ் தடக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

ஓரிடத்தில் முதலாளி நீளமாக வாயசைத்தான். எழுத்து எதுவும் வரவில்லை.

"இப்ப அவன் என்ன சொல்லுறான், பிள்ளை?" என்றார் யோகராசா.

"'கொஞ்சம் கெதியாச் செய்தால் என்ன, எல்லாருக்கும் ரெண்டு கை இருக்குத்தானே' எண்டு சொல்லுறான், அங்கிள்."

போன திங்கட்கிழமை மேலாளர் சொன்ன அதே வார்த்தைகள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. யோகராசா மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு விடிய எழும்பினால் இந்தக் கையைத் தூக்கேலாமல் கிடக்கு" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் வாய்திறந்து சொன்ன முதல் முறைப்பாடு அது. அஜந்தா படத்தை நிறுத்தினாள். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். பெயரையும் வலியையும் எழுதிக் கையெழுத்து வாங்கினாள்.

திங்கட்கிழமை அந்தத் தாள்களோடு யோகராசாவையும் கூட்டிக்கொண்டு மேலாளரிடம் போனாள். வேகத்தைத் தீர்மானிப்பது தலைமை அலுவலகம் என்றார் அவர். அப்படியானால் தொழிற்பாதுகாப்பு அதிகாரிகள் வந்து பார்க்கட்டும், இன்றைக்கே அறிவிக்கிறேன் என்றாள் அஜந்தா. குரல் நடுங்காதது அவளுக்கே பிடித்திருந்தது. மேலாளர் தாள்களை மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

புதன்கிழமை காலை இயந்திரம் பழைய வேகத்துக்கு வந்தது. யோகராசா ஒரு கட்டில் விரிப்பை எடுத்து, நுனியோடு நுனி சேர்த்து, ஆறுதலாக மடித்தார்.