உயர வரிசை

பள்ளி ஊழியர்களுக்குத் தடுப்பூசி போட நர்ஸ் வந்திருந்தார். ஊசியென்றாலே டிரில் மாஸ்டருக்குப் பயம். வரிசையின் கடைசியில் நின்று, அப்படியே நழுவிவிடுவதாகத் திட்டம். ஆனால் வரிசை என்றதும் பழக்கதோஷத்தில் மாஸ்க்கை இறக்கி விசில் ஊதிவிட்டார்.

"உயரப்படி நில்லுங்க! குட்டையானவங்க முன்னால!"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அங்கே அவரைவிடக் குட்டை யாருமில்லை.

"வாங்க மாஸ்டர், நீங்க போட்ட சட்டம்தானே," என்றார் அடுத்து நின்ற ஆயாம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் பயந்தான். நீங்க ஓடினா நானும் ஓடிடுவேன்."

மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டார். முடிந்ததும் போகாமல், ஆயாம்மாவிடம் விசிலை நீட்டினார்.

"வலிச்சா ஊதுங்க."

"உங்க எச்சில் விசிலா? அதுக்கு ஊசியே தேவலை!" என்று சிரித்தபடி ஆயாம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.