இன்னும் தீரவில்லை

அப்டேட் போட்டதுதான் வினை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பில், அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைப் புதுப்பித்து, மறுபடி இயக்கிப் பார்த்தால் வைஃபையைக் காணோம். சிக்னல் குறைவு என்றால்கூடப் பரவாயில்லை. வைஃபை என்ற பேச்சே இல்லை.

நான் வீட்டிலிருந்தபடி கட்டட வரைபடம் போடுகிறவன். படத்தை மெயிலில் அனுப்பினால் மேலாளர் ஒரு கட்டைவிரலை அனுப்புவார். எங்கள் அலுவலகப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். மனைவி பிரிந்து போன பிறகு வீட்டிலும் பேச்சில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். "ஊரெல்லாம் ஒண்ணு வச்சிருந்தா உனக்கு மட்டும் வேற எதுக்குடா? கடையில குடுத்துத் தொலையேன். அடுப்புல வேலை இருக்கு, அப்புறம் பேசுறேன்," என்றாள். அக்காவின் 'அப்புறம்' எப்போது வரும் என்று அக்காவுக்கே தெரியாது.

போனிலேயே ஒரு லினக்ஸ் உதவித் தளத்தில் கேள்வியைப் போட்டேன். 'கொசுவலை' என்ற புனைபெயரில் ஒருவர் வந்தார்.

"முதல்ல வைஃபை கார்டு இருக்கான்னு பாப்போம் சார். lspci-ன்னு கட்டளை அடிங்க."

கார்டு இருந்தது. வேறு எதுவும் அதை முடக்கி வைத்திருக்கவும் இல்லை. பிறகு, லேப்டாப் தனக்குள் எழுதி வைக்கும் குறிப்புகளைக் காட்டும் dmesg கட்டளையை அடிக்கச் சொன்னார். குட்டு அங்கே வெளிப்பட்டது: லினக்ஸின் உள்மையமான கெர்னல் புதிதாகிவிட்டது; வைஃபை கார்டை இயக்க அது கேட்கிற ஃபர்ம்வேர் கோப்பு என் லேப்டாப்பில் இல்லவே இல்லை.

"அவ்ளோதானா! போனை கேபிள்ல மாட்டி அதோட நெட்டைக் குடுங்க. ஃபர்ம்வேரை இறக்கிட்டு ரீபூட் பண்ணுங்க, வந்துடும். அது இறங்கட்டும். நீங்க சாப்டீங்களா?"

என்னிடம் யாராவது இதைக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வைஃபை வந்துவிட்டது. அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிக்கல் தீர்ந்தால் கேள்வி கேட்டவரே 'தீர்ந்தது' என்று குறிக்க வேண்டும். குறித்தால் உரையாடல் மூடிக்கொள்ளும். உதவியவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். பொத்தான் வரை போன விரல் அங்கேயே நின்றது.

"இன்னும் வரலைங்க," என்று எழுதினேன்.

மறுநாளும் அதையே எழுதினேன். அவர் சளைக்காமல் கட்டளைகளை அனுப்பினார். நான் அடித்துப் பார்த்து, திரையைப் படம் பிடித்து அனுப்பி, "ம்ஹூம்," என்றேன். நடுவில் அவருக்குப் பல்வலி என்று தெரிந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பச்சைப் பொய்தான், வெட்கக்கேடுதான். ஆனால் காலையில் எழுந்ததும் எனக்குப் பேச ஒரு ஆள் இருந்தார்.

ஒரு மாலை அவரே கேட்டார்: "சார், தப்பா நினைக்காதீங்க. இப்ப அனுப்பின படத்துல மேல் மூலையில வைஃபை குறி முழுசா இருக்கு. நேத்துப் படத்துலயும் இருந்துச்சு. வேற ஆளுங்க காத்திருக்காங்க. மூடிடலாமா?"

காது மடல் வரை சுட்டது. வரைபடத்தில் நூலிழை கோணினாலும் கண்டுபிடிக்கிறவன், என் திரையின் மூலையைப் பார்க்கத் தவறியிருக்கிறேன். மன்னிப்பு எழுதி அழித்தேன். இன்னொன்று எழுதி அதையும் அழித்தேன். பேசாமல் 'தீர்ந்தது' என்று குறித்தேன். இருந்த ஒருவரையும் துரத்தியாயிற்று என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் தனிச்செய்தி ஒன்று வந்தது. கொசுவலைதான்.

"நேத்தே பாத்துட்டேன் சார். தெரிஞ்சேதான் இன்னிக்கும் கட்டளை அனுப்பினேன். லேப்டாப்ல சவுண்டு எப்படி, அது வேலை செய்யுதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னும் நாலு நாள் ஓடியிருக்கும். மனசு வரவில்லை.

"அது நல்லாத்தான் இருக்குங்க. எனக்குப் பேச ஆள்தான் இல்ல."

பதில் வந்தது.

"எனக்கும்தான் சார். அதை எப்படிச் சரி பண்றதுன்னு மட்டும் எனக்குத் தெரியல."